வேகம் சைலன்சர்லயும் இருக்கு! டூ-ஸ்ட்ரோக் மேதை வால்டர் காடன் கதை

பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரை மாடிஃபை பண்ற நண்பர் உங்க கேங்ல இருக்காரா? பெரிய கார்புரேட்டர், நடுவுல வயிறு பெருத்த சைலன்சர்னு மாத்தியிருப்பார். ஹைவேயில வண்டி பறக்கும். ஆனா, சிக்னல்ல பச்சை விழுந்து ஆக்ஸிலேட்டரைத் திருகினா, இருமிக்கிட்டேதான் நகரும். ஏன் இப்படி? பதில் தெரியணும்னா நீங்க வால்டர் காடனைத் தெரிஞ்சுக்கணும்.

காடன் 1919-ல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் பிறந்தவர். எட்டு வயசுலேயே, புகழ்பெற்ற நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கின் திறப்பு விழாவை நேரில் பார்த்தவர். இரண்டாம் உலகப்போரின்போது ஏவுகணை ஆராய்ச்சியில் வேலை செய்தார். போர் முடிந்ததும் ஊர் திரும்பி, பிழைப்புக்கு மரத்தொழில் பார்த்துக்கொண்டே சொந்தமாக ரேஸ் பைக் கட்டினார். அதைக் கவனித்த கிழக்கு ஜெர்மனி, 1953-ல் சோப்பாவ் நகர பைக் தொழிற்சாலையின் ரேஸிங் பிரிவை அவரிடம் ஒப்படைத்தது. பின்னாளில் எம்.இசட் என்று பெயர் பெற்ற நிறுவனம் அது.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எரிந்த புகை வெளியேறும்போது, புதுசா உள்ளே வந்த பெட்ரோல் கலவையும் கூடவே நழுவிப்போயிடும். காடன் இதைச் சைலன்சரை வெச்சே சரிபண்ணினார். புகை வெளியேறும்போது ஓர் அழுத்த அலை கிளம்பும். குழாய் விரியுற இடத்துல அந்த அலை, புகையை இழுத்து வெளியே தள்ள உதவும். மறுபடி குறுகுற இடத்துல பட்டுத் திரும்பி, தப்பிச்ச கலவையை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். இந்த வடிவத்தை முதலில் யோசித்தவர் காடன் இல்லை. ஆனா, ஆஸிலோஸ்கோப் வெச்சு அலைகளை அளந்து, அதை ஒரு கணக்காவே மாற்றியவர் அவர்.

அந்தக் கணக்கில் நீளம்தான் ஹீரோ. குழாய் நீளமா இருந்தா அலை திரும்ப நேரமாகும், குறைந்த ஆர்.பி.எம்-மில் இழுவை கிடைக்கும். குட்டையா இருந்தா உச்ச வேகத்தில்தான் பலன். மெதுவா போறப்போ, அலை முன்னாடியே வந்து வேலையைக் கெடுத்துடும். உங்க நண்பரின் ஸ்கூட்டர் இருமுறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1961-ல் காடனின் 125 சிசி இன்ஜின், 10,800 ஆர்.பி.எம்-மில் 25 குதிரைத்திறன் கொடுத்தது. டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமல் லிட்டருக்கு 200 குதிரைத்திறன்! அந்த வருஷம் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் காடனின் ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர்தான் முன்னணியில் இருந்தார். கோப்பை கைக்கெட்டும் தூரம்.

ஆனா செப்டம்பரில் ஸ்வீடன் ரேஸில் டெக்னரின் இன்ஜின் பழுதானது. அதே வார இறுதியில் அவர் மேற்கு நாடுகள் பக்கம் தப்பினார். மனைவியும் பிள்ளைகளும் கார் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். காடனின் ரகசியங்கள் டெக்னரோடு சுஸுகிக்குப் போயின. அடுத்த ஆண்டே, 1962-ல், 50 சிசி உலகப் பட்டம் டெக்னருக்கும் சுஸுகிக்கும்!

எம்.இசட்-டுக்குக் கடைசிவரை ஓர் உலகப் பட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஆனா, 1975 முதல் 2001 வரை 500 சிசி கிராண்ட் ப்ரீ பட்டம் ஒவ்வொரு வருஷமும் டூ-ஸ்ட்ரோக்குக்குத்தான் போனது. அத்தனைக்கும் அடித்தளம் சோப்பாவில் போடப்பட்டது. காடன் எங்கேயும் போகவில்லை. தன் தொழிற்சாலையிலேயே வேலையைத் தொடர்ந்தார். 1996-ல் மறைந்தார்.

உங்க வண்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி, காடன் மாதிரி ஒரு கேள்வி கேளுங்க: எனக்குப் பவர் எந்த ஆர்.பி.எம்-மில் வேணும்? தினமும் ஊருக்குள்ளதான் ஓட்டுறீங்கன்னா, ரேஸ் பைப்பும் பெரிய கார்புரேட்டரும் வேண்டாம். நீளமான பைப், அளவான கார்புரேட்டர், அதிகம் வெட்டாத போர்ட் போதும். சத்தம் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. இழுவை சரியா இருந்தா சிக்னல்ல நீங்கதான் முதல்ல!