மலைக்குடித் தலைவர் ஸ்ரீ தசரத தேவ்

நம்மைப்போல் மலைக்குடியிற் பிறந்த ஒருவர், தேசத்தின் வடகிழக்கெல்லையிலுள்ள திரிபுரா இராஜ்யத்தின் முதன்மந்திரியான வரலாறு நாமனைவரும் அறிதற்குரியது.

ஸ்ரீ தசரத தேவ் 1916-ஆம் வருஷம் கோவாய்ப் பகுதியில் எளிய குடும்பத்திற் பிறந்தார். கல்வியின்மையே தம் ஜனங்களின் தாழ்நிலைக்கு மூலமென்றுணர்ந்து, 1945-இல் தோழர்களுடன் ஜனசிக்ஷா சமிதியைத் தாபித்தார். அதன் முயற்சியால் மலைக்கிராமங்களில் நூற்றுக்கணக்கான பாடசாலைகள் தோன்றின. அரசாங்கம் தம்மைத் தேடிவந்த காலத்தில், தலைமறைவாயிருந்தபடியே 1952-இல் கம்யூனிஸ்டுக் கட்சியின் சார்பில் லோகசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

1978-இல் திரிபுராவின் கல்வி மந்திரியானார். மறுவருஷம் அவர்தம் தாய்மொழியாகிய கொக்பொரோக் ஆட்சிமொழி அந்தஸ்துப் பெற்றது. 1993 முதல் 1998 வரை முதன்மந்திரியாயிருந்து, அவ்வருஷமே காலஞ்சென்றார்.

பதவி வருமுன்னரே பள்ளி திறந்தவர் அவர். அறுவடைக் காலத்திலும் நம் சிறுவர் சிறுமியரைப் பள்ளியினின்று நிறுத்தாதிருப்போமாக.