படத்துக்குப் படம் சாகடிக்கப்பட்ட நாயகி: யார் இந்த அன்னா மே வாங்?

2022 அக்டோபரில் அமெரிக்கா வெளியிட்ட 25 சென்ட் நாணயத்தில், கன்னத்தில் கை வைத்தபடி ஒரு பெண்ணின் முகம். சுற்றிலும் தியேட்டர் வாசல் விளக்குகள். அவர்தான் அன்னா மே வாங். அமெரிக்க நாணயத்தில் இடம்பிடித்த முதல் ஆசிய அமெரிக்கர். இறந்து 61 வருடம் கழித்துக் கிடைத்த மரியாதை இது. உயிரோடு இருந்தபோது ஹாலிவுட் அவரிடம் பெரும்பாலும் கேட்டது ரெண்டே ரெண்டுதான். ஒன்று, வெள்ளைக்கார நாயகனுக்காக உருகி அழணும். இல்லையா, விஷம் வைக்கணும். எது செய்தாலும் கிளைமாக்ஸுக்குள் செத்துப்போகணும்.

லாண்டரிக் கடை மகள்

1905-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் வாங் லியு சாங். அப்பா துணி வெளுக்கும் கடை நடத்தினார். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வர 1882-லேயே தடைச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் அமெரிக்க மண்ணில் பிறந்தவராக இருந்தும், வெளிநாடு போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் தான் யார் என்று காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது அன்னாவுக்கு.

இந்தச் சட்டத்தை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. சீனர்கள் உள்ளே வரவே முடியாததால், பெரும்பாலான அமெரிக்க ஊர்களில் ஒரு சீனக் குடும்பத்தோடு பழகும் வாய்ப்பே இல்லை. சீனர் என்றால் யார்? சினிமாவில் வருபவர்தான். திரையில் அவர் ஓபியம் விற்றால், நிஜத்திலும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார்கள்.

தாமரை அல்லது டிராகன்

பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஷூட்டிங் வேடிக்கை பார்த்த சிறுமி, 1919-ல் கூட்டத்தில் ஒருத்தியாகத் திரையில் தலைகாட்டினார். 17 வயதில் நாயகி. ‘தி டோல் ஆஃப் தி சீ’ (1922), டெக்னிகலரின் ஆரம்பகால வண்ணப்படங்களில் ஒன்று. கதை? அமெரிக்கரை நம்பிக் குழந்தை பெற்ற சீனப் பெண், கைவிடப்பட்டு, குழந்தையையும் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்கிவிடுகிறாள். 1924-ல் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதில் இளவரசியின் அடிமைப்பெண், அதாவது உளவாளி.

இந்த ரெண்டு படங்களிலேயே ரெண்டு அச்சும் தயார். ஒன்று, தன்னையே அழித்துக்கொள்ளும் மென்மையான தாமரைப்பூ. இன்னொன்று, நம்பவே கூடாத அழகி. இந்த இரண்டாவது ரகத்துக்குப் பின்னாளில் ‘டிராகன் லேடி’ என்று பெயரே வந்தது. 1934-ல் தொடங்கிய ஒரு காமிக்ஸ் தொடரின் பாத்திரம் அது.

வெறுத்துப்போய் 1928-ல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். பெர்லினிலும் லண்டனிலும் அவர் பெரிய ஸ்டார். ‘பிக்கடில்லி’ (1929) படத்தில் அவர் வரும் காட்சிகளை இன்று பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாது. லண்டன் மேடையில் லாரன்ஸ் ஒலிவியேயோடு நடித்தார். ஆனாலும் ‘பிக்கடில்லி’யிலும் அவர் பாத்திரம் கொலையாகித்தான் போகிறது.

ஹாலிவுட் திரும்ப அழைத்தது. 1931-ல் வில்லன் ஃபூ மஞ்சுவின் மகள் வேடம். அப்பா ஃபூ மஞ்சுவாக நடித்தவர் ஸ்வீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். படத்தில் கொஞ்ச நேரமே வரும் அவருக்கு 12,000 டாலர், நாயகி அன்னாவுக்கு 6,000 டாலர்.

கைநழுவிய ஓ-லான்

எல்லாவற்றையும்விட பெரிய அடி ‘தி குட் எர்த்’. சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய பேர்ல் பக்கின் நாவலை எம்.ஜி.எம். படமாக்கியது. நாயகி ஓ-லான் வேடத்துக்கு அன்னாவைவிடப் பொருத்தமானவர் ஹாலிவுட்டில் யாரும் இல்லை. ஆனால் கணவன் வேடத்துக்கு பால் முனி என்ற வெள்ளையரைப் போட்டுவிட்டார்கள். வேற்றினத்தார் காதலுக்கு அப்போதைய தணிக்கை விதி தடை போட்டிருந்தது. எழுத்தில் இருந்தது வெள்ளையர், கறுப்பர் உறவு மட்டும்தான். ஸ்டுடியோக்கள் அதை ஆசியர்களுக்கும் நீட்டிக்கொண்டன. விளைவு: கணவன் வெள்ளையர் என்றால் மனைவியும் வெள்ளையர்தான். ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர் மேக்கப் போட்டுச் சீனப் பெண்ணாக நடித்து ஆஸ்கரும் வாங்கினார். அன்னாவுக்கு நீட்டப்பட்டது, குடும்பத்தைக் கெடுக்கும் ‘லோட்டஸ்’ வேடம். படத்தின் முக்கிய வேடங்களில் வெள்ளையர்கள் இருக்க, தான் மட்டும் கெட்டவளா? முடியாது என்று சொல்லிவிட்டார்.

1936-ல் முதன்முறையாகச் சீனாவுக்குப் போனார். அங்கேயாவது நிம்மதி கிடைத்ததா? சீனப் பத்திரிகைகள் ஏற்கெனவே அவர்மேல் கோபத்தில் இருந்தன. ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ (1932) மாதிரிப் படங்களில் நடித்து நாட்டின் மானத்தை வாங்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அமெரிக்காவில் அவர் சீனச்சி, சீனாவில் அமெரிக்கக்காரி. கதையை எழுதிய ஸ்டுடியோக்காரர்களை யாரும் நேரில் பிடித்துக் கேட்க முடியாது. முகம் தெரிந்தவர் இவர்தானே! அவர் ஓடி ஒளியவில்லை. மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார், மாண்டரின் கற்றார், அமெரிக்க நாளிதழுக்குப் பயணக் கட்டுரைகள் அனுப்பினார், தன் கேமராவில் பதியவைத்தார்.

திடீரென நல்லவர்களான சீனர்கள்

1937-ல் சீனாவை ஜப்பான் தாக்கியதும் ஹாலிவுட்டின் பார்வை மாறியது. அதே ஆண்டு ‘டாட்டர் ஆஃப் ஷாங்காய்’ படத்தில் அன்னா துப்புத் துலக்கும் நாயகி. ஜோடி, கொரிய வம்சாவளி ஃபிலிப் ஆன். கடைசியில் கல்யாணப் பேச்சு வருகிறது, நாயகி சாகவில்லை! 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த சில வாரங்களுக்குள் டைம், லைஃப் இதழ்கள் முகத்தை வைத்துச் சீனர் யார், ஜப்பானியர் யார் என்று கண்டுபிடிக்க வழிகாட்டியே வெளியிட்டன. அதுவரை சீனர்மேல் ஒட்டியிருந்த வில்லன் முத்திரையைப் பிய்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் முதுகில் ஒட்டினார்கள், அவ்வளவுதான். குடியேற்றத் தடைச் சட்டம் 1943-ல் ரத்தானது. அப்போதும் ஆண்டுக்கு 105 சீனர்களுக்கே அனுமதி.

போரின்போது நடித்த ரெண்டு படங்களின் சம்பளத்தைச் சீன நிவாரணத்துக்குக் கொடுத்தார் அன்னா. 1951-ல் தன் சீனப் பெயரிலேயே ஒரு டி.வி. தொடர். ஆசிய அமெரிக்கர் ஒருவர் நாயகியான முதல் அமெரிக்கத் தொடர் அதுதான். அதன் ஒரு எபிசோட்கூட இன்று கிடைப்பதில்லை.

1961 பிப்ரவரி 3-ல் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு 56 வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்த வருடம் வந்த ‘ஃப்ளவர் டிரம் சாங்’ படத்தில் நடிக்க இருந்தார். நடிகர்கள் பெரும்பாலும் ஆசியர்களாகவே இருந்த ஹாலிவுட் பெரும்படம் அது. அவர் இல்லாமலே வெளியானது.