வானத்தை எடை போட்டவர்

அரிசியை எடை போடலாம். வைரத்தை எடை போடலாம். கோடானுகோடி நட்சத்திரங்கள் கொண்ட ஒரு மண்டலத்தை எடை போட முடியுமா?

முடியும் என்று வழி சொன்னவர் பிரிட்ஸ் சுவிக்கி. ஆனால் அந்தத் தராசு வேலை செய்வதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை!

சுவிக்கி 1898-ம் ஆண்டு பல்கேரியாவில் வார்னா என்ற கடற்கரை நகரில் பிறந்தார். தகப்பனார் சுவிட்சர்லாந்துக்காரர், வியாபாரி. மகனும் வியாபாரம் படிக்கட்டும் என்று, 6 வயதிலேயே சுவிட்சர்லாந்தில் உள்ள தாத்தா-பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் பையனின் புத்தி கணக்கிலும் விஞ்ஞானத்திலும் போயிற்று. சூரிச் நகரில் படித்துப் பட்டம் பெற்ற சுவிக்கி, 1925-ல் அமெரிக்காவுக்குப் போனார். பாசடீனா நகரில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார்.

கணக்கு உதைத்தது

நம் சூரியன் இருப்பது ஒரு நட்சத்திர மண்டலம். இதுபோல எத்தனையோ மண்டலங்கள் வானத்தில் இருக்கின்றன. ஆயிரம் மண்டலங்கள் ஒன்றாகக் கூடி நிற்கும் இடங்களும் உண்டு. அதில் ஒன்றுதான் கோமா கூட்டம்.

1933-ல் சுவிக்கி அதை ஆராய்ந்தார். அங்கே மண்டலங்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. அந்த வேகத்துக்கு எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணில் தெரியும் நட்சத்திரங்களின் ஈர்ப்பு, அவற்றைக் கட்டி நிறுத்தப் போதாது.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத பொருள் அங்கே நிறைந்திருக்கிறது என்றார் சுவிக்கி. அதை இருட்டுப் பொருள் என்று குறிப்பிட்டார். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனிதர் பெரிய கோபக்காரர். சக விஞ்ஞானிகளை வாய்க்கு வந்தபடி ஏசுவார். அவரைக் கண்டாலே பலருக்கு ஆகாது. (அதே கோபக்காரர்தான், இரண்டாவது உலகப் போரில் அழிந்த நூல்நிலையங்களுக்காக டன் கணக்கில் புத்தகம் சேகரித்து அனுப்பியவர்.)

வானத்துக் கண்ணாடி

எடையுள்ள பொருளின் பக்கமாகப் போகும் ஒளி சற்று வளையும். பூதக்கண்ணாடியும் ஒளியை வளைத்துத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒரு நட்சத்திரம், தனக்குப் பின்னால் உள்ள நட்சத்திரத்துக்குக் கண்ணாடி ஆகலாம் என்று 1936-ல் ஐன்ஸ்டீன் எழுதினார். ஆனால் அதைக் காண்பது நடவாத காரியம் என்றும் சொல்லிவிட்டார்.

சுவிக்கி விடவில்லை. நட்சத்திரம் சிறியது, மண்டலம் மிகப் பெரியதாயிற்றே! மண்டலமே கண்ணாடியாக இருந்தால் நிச்சயம் தெரியும் என்று 1937-ல் எழுதினார். பின்னால் உள்ள பொருள் இரண்டாகத் தெரியும், வளையமாகவும் தெரியலாம். ஒளி அதிகம் வளைந்தால் எடை அதிகம். தெரிந்த பொருள், தெரியாத பொருள் எல்லாம் சேர்ந்த எடை!

அவர் காலத்தில் அப்படி ஒரு காட்சி அகப்படவில்லை. 1974 பிப்ரவரி 8-ந் தேதி சுவிக்கி காலமானார். 76-வது பிறந்த நாளுக்கு 6 நாட்களே இருந்தன.

5 ஆண்டுகள் கழிந்தன. 1979-ல், வானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒளிப் புள்ளிகள் அகப்பட்டன. அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன. ஆராய்ந்து பார்த்தால், இரண்டல்ல, ஒன்றுதான்! நடுவே இருந்த மண்டலம் அதை இரண்டாகக் காட்டியது.

பிறகு எடை போடும் வேலை மும்முரமாயிற்று. நட்சத்திரங்கள் முடியும் இடத்தோடு மண்டலத்தின் எடை முடியவில்லை. அதற்கு வெளியே வெகு தூரம் இருட்டுப் பொருள் பரவிக் கிடந்தது.

2007-ல், இதே வழியில் கோமா கூட்டத்தையும் எடை போட்டார்கள். தெரியாத பொருள் தெரியும் பொருளைப்போல எத்தனை மடங்கு என்று சுவிக்கி போட்ட கணக்கு அதிகம்தான். கோமாவின் தூரம் அந்தக் காலத்தில் சரியாகத் தெரியாததால் வந்த பிழை அது. ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததே பல மடங்கு இருந்தது.