பொன். கந்தையாவும் 1957ஆம் ஆண்டுச் சட்டமும்

கரவெட்டியில் பிறந்த பொன். கந்தையாவைத் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்த கம்யூனிஸ்ட் எம்.பி.யாகத்தான் நான் முதலில் அறிந்தேன். இப்போது அவருடைய காலத்து இன்னொரு சட்டமே என்னை உறுத்துகிறது.

1956இல் பருத்தித்துறைத் தொகுதியில் வென்ற அவர், 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியபோது பாராளுமன்றத்தில் இருந்தார். கோயிலிலோ தேத்தண்ணிக் கடையிலோ சாதி சொல்லி மறிப்பது குற்றமாகியது. ஆனால் முறைப்பாடு கொடுப்பவர் மறுநாள் கூலிக்குப் போகவேண்டியது, மறித்தவரின் காணிக்குத்தானே? சாட்சி சொல்ல எந்த அயலவர் வருவார்?

ஒடுக்கப்பட்டோர் வாழ்ந்த ஊர்களில் பாடசாலைகள் திறக்க கந்தையா உழைத்தார். சட்டத்தைவிட அதுவே கூடுதலாக வேலை செய்தது என்பது என் எண்ணம்.

1960இல் அவர் காலமானார். 1968இல், சட்டத்துக்கு 11 வயதானபோதும், மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் உள்ளே விடச் சொல்லிப் போராடிக்கொண்டிருந்தார்கள்.