மூன்று எலிகள் மாற்றிய மருத்துவம்: யார் இந்த பீட்டர் மெடவார்?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட்டே ஆகணும். காரணம், அடுத்தவரின் உறுப்பை நம் உடல் எதிரியாகத்தான் பார்க்கும். இந்தப் பகையை நிறுத்த முடியும் என்று சோதனை செய்து காட்டியவர் பீட்டர் மெடவார்.

தீக்காயம் எழுப்பிய கேள்வி

1915-ல் பிரேசிலில் பிறந்தார் மெடவார். அப்பா லெபனானைச் சேர்ந்தவர், அம்மா இங்கிலாந்துக்காரர். ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியல் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. மோசமான தீக்காயங்களோடு ஒரு வீரர் மீட்கப்பட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு இன்னொருவரின் தோலை ஒட்டினால் அது ஏன் நிலைப்பதில்லை? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

பிறகு கிளாஸ்கோவில், அறுவை சிகிச்சை நிபுணர் தாமஸ் கிப்சனுடன் சேர்ந்து, தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார். கொஞ்ச நாளில் அது அழிந்துபோனது. அதே சகோதரரின் தோலை மறுபடி ஒட்டினார்கள். இந்த முறை இன்னும் வேகமாக அழிந்தது. அதாவது, உடல் அந்த அந்நியத் தோலை ஞாபகம் வைத்திருந்தது! இது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்பதற்கு வலுவான தடயம் கிடைத்தது. இந்த ஆய்வு 1943-ல் வெளியானது.

கன்றுகள் கொடுத்த ஷாக்

அடுத்து இரட்டைக் கன்றுகளிடம் தோல் மாற்றிப் பார்த்தார். ஒரே கருவில் உருவாகாத இரட்டையர் என்றால் ஒன்றின் தோலை மற்றொன்று நிராகரிக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன. தாயின் வயிற்றில் இருக்கும்போதே இரண்டின் ரத்தமும் கலந்துவிடுவதுதான் காரணம். அமெரிக்க விஞ்ஞானி ரே ஓவன் இந்த ரத்தக் கலப்பை 1945-லேயே கண்டுபிடித்திருந்தார்.

அப்படியென்றால் இதைச் செயற்கையாகச் செய்ய முடியுமா? ரூபர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரென்ட் இருவருடன் சேர்ந்து, இன்னும் பிறக்காத எலிக்குஞ்சுகளின் உடலில் வேறு இன எலியின் செல்களைச் செலுத்தினார். பிறந்து எட்டு வாரம் ஆனதும் அந்த இனத்தின் தோலை ஒட்டினார்கள். ஐந்து எலிகளில் மூன்று ஏற்றுக்கொண்டன. 1953-ல் வெளியான இந்த முடிவுதான் 1960-ல் மெடவாருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. இதைக் கோட்பாடாக முன்பே கணித்த மேக்ஃபார்லேன் பர்னெட்டும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் ஒரு சிக்கல். பிறக்கப்போகும் குழந்தைக்கு என்றைக்கு, யாருடைய உறுப்பு தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? இந்த முறையை அப்படியே மனிதர்களிடம் செய்ய முடியாது. ஆனாலும் இந்தச் சுவரை உடைக்க முடியும் என்ற நம்பிக்கை மருத்துவர்களுக்கு வந்துவிட்டது.

1969-ல் 54 வயதில் மெடவாருக்குப் பக்கவாதம் வந்தது. அதன் பிறகும் ஆய்வையும் எழுத்தையும் அவர் விடவில்லை. 1987-ல் காலமானார்.

எலிக்குள் மனித செல்கள்

எலியிடம் பலித்த பல வழிகள் மனிதரிடம் பலிக்கவில்லை. இரண்டின் எதிர்ப்பு மண்டலமும் ஒன்றல்ல. மெடவார் இறந்த மறு வருஷமே இதற்கு ஒரு வழி பிறந்தது. சொந்த எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளுக்குள் மனித எதிர்ப்பு செல்களையும் திசுக்களையும் வைத்து 1988-ல் விஞ்ஞானிகள் வளர்த்துக் காட்டினார்கள். இன்று இத்தகைய எலிகள் மீது மனிதத் தோலை ஒட்டி, மனித செல்கள் அதை எப்படித் தாக்குகின்றன, எந்த மருந்து தடுக்கிறது என்று பார்க்கிறார்கள். இதிலும் குறை உண்டு. சில சமயம் அந்த மனித செல்கள் எலியின் உடலையே தாக்கத் தொடங்கிவிடும்.

சிறுநீரகம் தந்தவரின் எலும்பு மஜ்ஜை செல்களையும் பெற்றுக்கொண்டு, மாத்திரையை நிறுத்திய சிலர் இன்று இருக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் அந்த நிலை வர, இன்னும் நிறைய எலிகளிடம் கற்க வேண்டியிருக்கிறது.