புள்ளியியல் மேதை மகலநோபிஸ்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் நம் பாட்டிமார். அடியில் தீய்ந்து மேலே அரிசியாகவே நிற்கும் பானைக்கும் அது பொருந்துமா? எங்கிருந்து எத்தனை சோறு எடுப்பது? நம் இருங்காட்டுக்கோட்டையின் தொழிற்சாலைகளைக் கணக்கெடுக்க வருவோருக்கும் இதே கேள்விதான். அதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையான ஒருவரை இங்கே காண்போம்.

பிரசாந்த சந்திர மகலநோபிஸ் 1893 ஜூன் 29-ல் கல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றபோது நம் ராமானுஜனின் நண்பரானார். கம்பளிகளின் மேலேயே படுத்துக் குளிரில் வாடிய கணித மேதைக்கு, அவற்றினுள் நுழைந்து உறங்கும் முறையைச் சொல்லித் தந்தவர் இவரே! தாயகம் திரும்பி, பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். அங்கேயே 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

வங்கத்தில் சணல் எவ்வளவு விளையும் என்று முன்னதாகத் தெரியாவிடில் உழவருக்கும் ஆலைக்கும் தொல்லை. எல்லா வயல்களையும் அளக்கப் பணம் ஏது? சிலவற்றை மட்டும் அளந்தால் பிழை நேரும். அப்பிழையைப் பாதியாக்கவோ நான்கு மடங்கு இடங்களை அளக்க வேண்டும். 1937 முதல் மகலநோபிஸ் சிறிய அளவில் சோதித்துப் பார்த்தார். அளக்க எத்தனை நேரம், அடுத்த இடத்துக்கு நடக்க எத்தனை நேரம் என்றுகூடக் குறிக்கச் செய்தார். பயிர் ஒரே சீராயுள்ள பகுதியில் சில இடங்களே போதும். ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெறிச்சோடியும் கிடந்தால் மிகுதியாக வேண்டும். இவ்வளவையும் 1934-லேயே நெய்மன் என்ற போலந்து அறிஞர் காட்டியிருந்தார். வங்கத்துச் சேற்றில் நடக்கும் ஊழியரின் செலவையும் அதே கணக்கில் ஏற்றியதே மகலநோபிஸின் தனிச்சிறப்பு என்போம்.

மாதிரியை நம்பாதோர் பலர். 1941-ல் இரண்டு வழிகளும் ஒருங்கே சோதிக்கப்பட்டன. வயல்தோறும் எண்ணிய கணக்கு ஏறத்தாழ 63 லட்சம் பொதிகள். செலவு 82 லட்சம் ரூபாய். மகலநோபிஸின் மாதிரிக் கணக்கு 75.4 லட்சம், செலவு 8 லட்சமே. பிற்பாடு வாணிபக் கணக்கு வந்தது: 75.6 லட்சம்! எண்ணுவோர் பெருகினால் அவர்தம் தவறுகளும் பெருகும் போலும்.

1950-ல் தேசிய மாதிரி ஆய்வு அவர் முயற்சியால் தொடங்கியது. 1972 ஜூன் 28-ல், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அவர் மறைந்தார்.

அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வில் ஆள் மிகுந்த பெரிய ஆலைகள் ஒன்றுகூட விடுபடுவதில்லை. ஒன்றை விட்டாலும் மொத்தக் கணக்கே சாய்ந்துவிடும். சிறிய ஆலைகளையோ பிரிவு பிரித்து, சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பர். நம் தந்தையர் சிலர் வேலை செய்யும் சிறு பட்டறை அவ்வாறு அகப்பட்டால், அது தன்னைப் போன்ற பல பட்டறைகளுக்காகவும் சேர்த்துப் பதில் சொல்கிறது.