கொல்பேர் மந்திரியும் பிரான்ஸ் தேசத்துக் கைத்தொழிலும்

புதுச்சேரியை அறியாத தமிழர் இலர். ஆங்குப் பிரெஞ்சுக்காரர் கால்கொள்ளுதற்குக் காரணமாயிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியை 1664-ஆம் ஆண்டில் நிறுவுவித்தவர், பதினான்காம் லூயி மன்னரின் மந்திரியாகிய ழான் பப்தீஸ்த் கொல்பேர் என்பார். ஓர் அரசாங்கம் தன் குடிகளின் தொழிலைத் தானே முயன்று வளர்த்தல் கூடுமோ, கூடுமாயின் எம்மட்டும் கூடும் என்னும் வினாவை ஆராய்வார்க்கு இவரது சரித்திரம் பெரிதும் பயன்படுவதாம்.

இவர் 1619-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் ரேன்ஸ் நகரத்துத் துணி வணிகர் குடும்பத்தில் தோன்றினார். பின்னர் மசரேன் என்னும் கர்தினாலின் வீட்டுச் சொத்துக்களை மேற்பார்க்கும் அலுவலில் அமர்ந்து, அவரது நம்பிக்கைக்கு உரியவரானார். 1661-இல் கர்தினால் இறந்தபொழுது தேசத்தின் பொக்கிஷம் இருந்த நிலை இரங்கத்தக்கது. குடிகளிடம் ஏறத்தாழ 840 லட்சம் லீவர் தண்டப்பட்டும், கடனும் வட்டியும் பிறர் பங்கும் போக, அரசர் கைக்கு எட்டியது 320 லட்சமே. நிதிமந்திரியாயிருந்த பூக்கே அவ்வாண்டிலேயே சிறைப்பட்டார். அவரது வீழ்ச்சியில் கொல்பேருக்குப் பெரும்பங்கு உண்டு. அதிற் கடமையுணர்ச்சி எத்துணை, பதவி வேட்கை எத்துணை எனப் பிரித்துக் காட்டல் எளிதன்று. 1665-இல் நிதித்துறையின் தலைமை இவர்பால் வந்தது.

பொன்னும் வெள்ளியும் பிறநாடு செல்லாது தடுத்தலே செல்வத்துக்கு வழி என்பது இவரது துணிபு. அதற்கு, வெளிநாட்டார் விற்கும் பண்டங்களை உள்நாட்டிலேயே செய்தல் வேண்டும். செய்யக் கற்றவரோ வெளிநாட்டார். ஆதலின் அவர்களையே அழைத்தார். ஒல்லாந்து தேசத்தவராகிய ழோஸ் வான் ரொபே என்பார் மென்கம்பளம் நெய்விப்பதில் வல்லவர். அவர் 1665-இல் அப்வில் என்னும் ஊருக்குத் தம் நெசவாளருடன் வந்தார். அரசாங்கம் அவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, வரி நீக்கிற்று, உடன்வந்தாரைப் பிரெஞ்சுக் குடிகளாக ஏற்றது, அவ்வகைத் துணியை அப்பகுதியிற் பிறர் நெய்யாதவாறு இருபது ஆண்டுக்குத் தனியுரிமையும் அளித்தது. இவற்றினும் அரியது வேறொன்று. வான் ரொபே கால்வின் கொள்கையைச் சார்ந்த புரொட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவர். தம் முறைப்படியே தேவாராதனை செய்துகொள்ள அவருக்கும் அவருடைய தொழிலாளருக்கும் கத்தோலிக்க மன்னரின் சாசனமே இடந்தந்தது! கொல்பேர் சமய சமரசம் பேசியவர் அல்லர். எனினும் தறியின் அருமை அறிந்தவர்.

அவ்வாறே வெனிஸ் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளர், அந்நகரின் சட்டத்தை மீறி, பாரீசுக்கு வருவிக்கப்பட்டனர். கோபெலேன் தொழிற்சாலையிற் சித்திரத் திரைச்சீலைகள் நெய்யப்பட்டன. கடல் வாணிகம் செய்யும் பிரபுக்களுக்குக் குலப்பெருமை குன்றாது என 1669-இல் ஆணை பிறந்தது. இருபது வயதிற்குள் மணம் செய்துகொண்டவர் இருபத்தைந்து வயதுவரை குடிவரி செலுத்த வேண்டுவதில்லை என 1666-இல் விதித்ததும் இவர் காலத்ததே. மக்கட்பேற்றையும் தொழில்போல் வளர்க்கலாம் என்று கருதினார் போலும்.

நிற்க, எல்லாரும் இவற்றை விரும்பினர் என எண்ணற்க. அலான்சோன் நகரில் வீட்டிலிருந்தபடியே பின்னல் வேலை செய்து பிழைத்த பெண்டிர், அத்தொழிலைத் தனியுரிமைக் கம்பெனி கைக்கொண்டதும் கலகம் விளைத்தனர். தரங்குன்றிய துணியை அதன் உரியவன் பெயரோடு ஒன்பதடிக் கம்பத்தில் தொங்கவிடவும், மூன்றாம் முறை தவறுவானாயின் அவனையே கம்பத்திற் கட்டவும் 1670-இல் ஆணையிட்டார். கப்பற்படைக்குத் துடுப்பு வலிப்போர் போதாமையால், குற்றவாளிகளை அவ்வேலைக்கே அனுப்புமாறு நீதிபதிகளைத் தூண்டினார். இதனை எவ்வாற்றானும் நியாயமென்று கூற நம்மால் இயலாது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ, அரசரின் முகம் கருதிப் பணம் இட்டவர் பலர், ஆதாயம் கருதி இட்டவர் சிலர். முதல் முற்றும் சேரவில்லை. ஆயினும் வாலிகண்டபுரத்து ஷேர்கான் லோடி தந்த இடத்தில், 1674-இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரிக் குடியேற்றத்தை ஊன்றினார்.

1667-இல் ஒல்லாந்தரின் துணிக்கும் ஆங்கிலேயரின் துணிக்கும் இறக்குமதி வரியை ஏறக்குறைய இரட்டித்தார். பகைமை முற்றி, 1672-இல் ஒல்லாந்தரோடு போர் மூண்டது. பதினொரு ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைப் போர் விழுங்கிற்று. தாம் ஒழிக்க முயன்ற கடனையும் புதுவரிகளையும் தாமே மீளக் கொணரவேண்டியதாயிற்று. 1678-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அவ்விறக்குமதி வரியும் கைவிடப்பட்டது.

1683-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் கொல்பேர் இறந்தார். வரிச்சுமையால் வெகுண்ட பாரீஸ் மக்களுக்கு அஞ்சி, அவரது உடலை இரவிலே அடக்கம் செய்தனர். ஈராண்டு சென்று, 1685-இல், புரொட்டஸ்டாண்டாரின் ஆராதனை உரிமையை மன்னர் முற்றும் நீக்கினார். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் நாடு துறந்தனர். அவருள் நெசவாளரும், தொப்பி செய்வோரும், காகிதம் செய்வோரும் பலர். பிராண்டன்பர்க் அதிபதி பிரெடரிக் வில்லியம் அவ்வாண்டிலேயே போட்ஸ்டாம் நகரிலிருந்து அவர்களுக்கு அழைப்பு விடுத்தார். சில ஆண்டு வரியில்லை, வீடு கட்ட மரமும் கல்லும் உண்டு, தத்தம் பாஷையிலேயே ஆராதனை நடத்தலாம் என்பன அவ்வழைப்பிற் கண்ட சலுகைகள்.